எடுத்த பாறையும் எஞ்சிய பாறையும்: இருப்புப்பாதை மலைச்சரிவுகளில் கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மலைகளைக் குடைந்தும் வெட்டியும் அமைக்கப்பட்ட இருப்புப்பாதைகளில் பாறைவீழ்ச்சி தீராத இடராக இருந்து வருகிறது. நிலையற்ற பாறைகளை அகற்றவும் சரிவுகளை நிலைப்படுத்தவும் வெடிமருந்து பயன்படுவது போலவே, அச்சரிவுகள் நிலைகுலையவும் தொடக்ககால வெடிவைப்பு முறைகள் காரணமாயின. இந்த இருநிலையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இங்கிலாந்தின் ரவுண்ட் டவுன் பாறைமுகட்டு வெடிப்பு (1843), மேற்குத் தொடர்ச்சி மலையின் போர்காட் இருப்புப்பாதைக் கட்டுமானம் (1856–1863), 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான முன்பிளவு வெடிவைப்பு முறை, கொங்கண் இருப்புப்பாதை விபத்துகள் (2003, 2004) ஆகியவை ஆய்வுக் களங்களாக அமைகின்றன. உடைத்தெடுத்த பாறையின் அளவைப் பொருட்படுத்திய தொழில்நுட்பம், எஞ்சி நிற்கும் பாறையின் நலத்தைப் பொருட்படுத்தும் தொழில்நுட்பமாக மாறியதே கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இருப்புப்பாதை வரலாறு, பாறைச்சரிவு, கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பு, போர்காட், கொங்கண் இருப்புப்பாதை, தொழிலாளர் வரலாறு.

1. முன்னுரை

இந்திய இருப்புப்பாதை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் முதலீடு, வணிகம், பேரரசு ஆட்சி, தேசியம் ஆகிய பொருண்மைகளைச் சுற்றியே அமைந்துள்ளன. இயான் கெர் 1995இல் வெளியிட்ட நூல், பாதைகளைக் கட்டியெழுப்பிய தொழிலாளரின் உழைப்பை ஆய்வின் நடுப்பொருளாக்கி இப்போக்கில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. எனினும் கட்டுமான வரலாறு வழக்கமாகத் திறப்புவிழாவோடு முடிந்துவிடுகிறது. முதல் தொடர்வண்டி ஓடிய நாளோடு மலையின் கதையும் முடிந்துவிட்டதாக நாம் கொள்கிறோம். உண்மையில் அன்றுதான் வெட்டப்பட்ட மலையின் கதை தொடங்குகிறது. வெட்டுமுகம் மழையையும் வெயிலையும் வண்டிகளின் அதிர்வையும் முதன்முறையாக எதிர்கொள்வது அன்றிலிருந்துதான்.

ஒரு பாறைவெட்டு எவ்வாறு உருவாக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே அதன் பிற்கால வாழ்வு அமைகிறது. எத்துணை மருந்து, எத்தகைய துளையில், எந்த ஒழுங்கில் வெடிக்கப்பட்டது என்பதற்கான விடை, வெட்டுமுகத்தின் பின்னால் உள்ள விரிசல்களில் பதிந்து கிடக்கிறது. ஆகவே பாறைவீழ்ச்சியை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறி நிறுத்திவிட முடியாது. அது ஒருவகையில் கட்டுமான முறையின் எச்சமும் ஆகும். இக்கட்டுரை அந்த எச்சத்தையும், அதனைச் சரிசெய்ய அதே வெடிமருந்தே பிற்காலத்தில் கருவியானதையும் தொடர்ச்சியாக நோக்குகிறது.

2. வெடிப்பு பாறைக்குள் நிகழ்த்துவது

வரலாற்றை விளங்கிக்கொள்ள, வெடிப்பின் இயக்கத்தைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். பாறையில் இட்ட துளையைத் தொழிலாளர் வழக்கில் தமர் என்பர். தமரில் நிரப்பிய மருந்து வெடிக்கும்போது இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முதலாவதாக, அதிர்ச்சி அலை துளையைச் சுற்றிப் பாறையை நொறுக்கி, எல்லாத் திசைகளிலும் ஆரைவிரிசல்களை உண்டாக்குகிறது. இவ்வலை திறந்த முகத்தை அடைந்து திரும்பும்போது இழுவிசையாக மாறிப் பாறையைச் செதில்செதிலாகப் பெயர்க்கிறது. அழுத்தத்தைத் தாங்கவல்ல பாறை இழுவிசையைத் தாங்காது என்பதே வெடிவைப்புத் தொழிலின் அடிப்படை. இரண்டாவதாக, வெடிப்பில் விளைந்த வளிமங்கள் விரிசல்களுள் புகுந்து அவற்றை அகலப்படுத்தி, உடைந்த பாறையை முன்னோக்கித் தள்ளுகின்றன.

இவ்விரு செயல்களும் முன்பக்கம் மட்டும் நிகழ்வதில்லை. பின்பக்கம் நிலையாக நிற்க வேண்டிய பாறைக்குள்ளும் அதே அலையும் அதே வளிமங்களும் செல்கின்றன. அங்கு இயற்கையாகவே உள்ள பிளவுகள் அகல்கின்றன. புதிய விரிசல்களும் தோன்றுகின்றன. வெடிப்பு நிகழ்ந்த அன்று பாறை விழாமல் நிற்கலாம். பின்னர் மழைநீர் அவ்விரிசல்களில் தேங்கி அழுத்தம் தருகிறது. களிமண் புகுந்து உராய்வைக் குறைக்கிறது. மரவேர் நுழைந்து ஆப்புப்போல் பிளக்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில் பாறை இருப்புப்பாதையின்மேல் விழுகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள இந்நீண்ட காலவெளியே, வெடிவைப்பின் பொறுப்பைப் பதிவுகளிலிருந்து மறைத்துவிடுகிறது.

3. ரவுண்ட் டவுன், 1843: மலைமுகட்டையே அகற்றல்

நிலையற்ற பாறைச்சரிவை வெடிமருந்தால் அகற்றி இருப்புப்பாதைக்கு வழி செய்த தொடக்ககால நிகழ்வுகளுள் பெரும்புகழ் பெற்றது, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் 1843 சனவரி 26 அன்று நடைபெற்ற ரவுண்ட் டவுன் வெடிப்பு. போக்ஸ்டன், டோவர் நகரங்களுக்கு இடையே தென்கிழக்கு இருப்புப்பாதைக் கழகம் பாதை அமைத்தது. அதன் பொறியாளர் வில்லியம் கியூபிட். கடலை ஒட்டி நின்ற வெண்சுண்ணப் பாறைமுகடுகளை அபட்ஸ்கிளிப், ஷேக்ஸ்பியர் ஆகிய சுரங்கங்கள் வழியே பாதை கடந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 375 அடி உயரத்தில் நின்ற ரவுண்ட் டவுன் முகடு சுரங்கம் குடைவதற்கேற்ற உறுதியுடையதாக இல்லை. ஆகவே முகட்டையே கடலுள் தள்ளிவிடக் கியூபிட் முடிவுசெய்தார்.

பாறையின் அடிப்பகுதியில் மூன்று அறைகள் குடையப்பட்டன. நடு அறையில் 7,500 பவுண்டு, பக்க அறைகள் ஒவ்வொன்றிலும் 5,500 பவுண்டு என மொத்தம் 18,500 பவுண்டு (ஏறத்தாழ 8.4 டன்) கரிமருந்து நிரப்பப்பட்டது. மூன்றையும் ஒரே நொடியில் பற்றவைப்பதற்கு மின்கல அடுக்குகள் பயன்படுத்தப்பட்டன. மூழ்கிய கப்பல்களை நீருக்கடியில் வெடிவைத்து அகற்றுவதில் மின்பற்றவைப்பைக் கையாண்டு பட்டறிவு பெற்றிருந்த அரச பொறியாளர் படைத்தலைவர் சார்லஸ் பாஸ்லியின் வழிகாட்டலில், துணைத்தலைவர் ஹட்சின்சன் இப்பணியை நடத்தினார். வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் இந்நிகழ்வை நேரில் கண்டு எழுதினார். எதிர்பார்த்த பேரொலி எழவில்லை. பாறையின் அடி புடைத்து வெளித்தள்ள, மேற்பகுதி அமைதியாக இறங்கிக் கடலுள் பரவியது. அகன்ற பாறையின் எடை பத்து இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டது.

இந்நிகழ்வில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, மருந்தின் அளவைக் கணக்கிட்டு, பகுத்து வைத்து, ஒரே நேரத்தில் பற்றவைத்த முறை. பாறையின் பருமனைக் கொண்டு மருந்தின் எடையை முன்கூட்டியே வரையறுத்ததால், கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பு என்ற கருத்தின் முளையை இங்குக் காணலாம். இரண்டாவது, அக்கட்டுப்பாட்டின் எல்லை. கணக்கு முழுவதும் அகற்றப்படும் பாறையைப் பற்றியதாகவே இருந்தது. எஞ்சும் பாறை அதில் இடம்பெறவில்லை.

இதே கடற்கரையில் போக்ஸ்டன் வாரன் என்னும் பகுதியில் 1915 டிசம்பர் 19 அன்று பெருஞ்சரிவு ஏற்பட்டது. பாதை நெடுந்தொலைவு இடம்பெயர்ந்ததுடன், ஒரு தொடர்வண்டியும் தடம் புரண்டது. 1919 ஆகஸ்டு வரை பாதை மூடப்பட்டிருந்தது. இச்சரிவு சுண்ணப்பாறைக்கு அடியிலிருந்த கால்ட் களிமண் படலம் வழுக்கியதால் நேர்ந்தது, வெடிவைப்பின் விளைவன்று. வடிகால் குடைவுகளும் சரிவின் அடியில் இட்ட எடைச்சுவர்களுமே அங்குப் பிற்காலத் தீர்வுகளாயின. மேலுள்ள முகட்டை வெடித்து அகற்றுவது ஒருவகை நிலையின்மைக்கு மட்டுமே மருந்தாகும் என்பதை, ஒரே பாதையின் அடுத்தடுத்த இவ்விரு இடங்கள் காட்டுகின்றன.

4. போர்காட், 1856–1863: உடலும் துளையும்

பம்பாயையும் புனேயையும் இணைக்கும் போர்காட் ஏற்றத்தைக் கிரேட் இந்தியன் பெனின்சுலா இருப்புப்பாதைக் கழகம் கட்டியது. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி. ஏறத்தாழ 25 கி.மீ. நீளத்தில் 1,831 அடி உயரம் ஏறும் இப்பாதையின் மிகச் செங்குத்தான பகுதி 37 அடிக்கு 1 அடி ஏற்றம் உடையது. 25 சுரங்கங்கள் குடையப்பட்டன. ஓரிடத்தில் வண்டி நின்று, திசைமாறி ஏறும் திரும்புநிலையமும் அமைக்கப்பட்டது.

இம்மலையின் நிலவியல் இங்கு இன்றியமையாதது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவான தக்காணப் பாறை இது. ஒவ்வோர் அடுக்கிலும் இறுகிய பசால்ட் பாறையும், குமிழ்த்துளைகள் நிறைந்த மென்பாறையும் மாறிமாறி அமைகின்றன. அடுக்குகளுக்கு இடையே பல இடங்களில் சிதைந்த சிவப்பு மண்படலம் காணப்படுகிறது. இறுகிய பாறையில் குளிர்ச்சியின்போது உண்டான செங்குத்துப் பிளவுகள் உள்ளன. மென்படலம் மழையில் அரிக்கப்படும்போது மேலுள்ள வன்பாறை தாங்கலின்றித் தொங்கி, செங்குத்துப் பிளவுவழியே கட்டியாகப் பிரிந்து விழுகிறது. தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் இம்மலைமுகம் ஏற்கிறது. ஆக, வெட்டுவதற்கு முன்பே பாறைவீழ்ச்சிக்குரிய அமைப்பு இங்கிருந்தது. வெடிவைப்பு அதனை விரைவுபடுத்தியது.

வேலை கையாலேயே நடைபெற்றது. சம்மட்டியும் நீண்ட இரும்புத் துளைக்கோலும் கரிமருந்தும் திரியுமே கருவிகள். காலூன்ற இடமில்லாத செங்குத்துப் பாறைகளில் தொழிலாளர் மேலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, தொங்கிய நிலையில் துளையிட்டனர். வில்லியம் பிக்போர்டு 1831இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் திரி, பற்றவைத்தபின் விலகிச் செல்ல நேரம் தரும் நோக்கில் உருவானது. ஆனால் கயிற்றில் தொங்குபவருக்கு விலகுதல் என்பது மேலிருப்போர் இழுக்கும் வேகத்தைப் பொறுத்ததே.

துளையின் இடம், ஆழம், சாய்வு ஆகியவற்றை எது தீர்மானித்தது என்ற வினா இங்கு எழுகிறது. மனித உடல் எங்கு நிற்க அல்லது தொங்க முடிந்ததோ, கை எவ்வளவு ஆழம் குத்த முடிந்ததோ, அதுவே தீர்மானித்தது. வெட்டுமுகம் எந்தச் சாய்வில் எஞ்ச வேண்டும் என்ற வடிவமைப்பு துளையை ஆளவில்லை. ஒரே தளத்தில், ஒரே சாய்வில், இணையான துளைகளைச் சீரான இடைவெளியில் இடுவது கைத்துளையிடலில் பெரிதும் இயலாதது. மேலும், மண்வேலையும் பாறைவேலையும் அகற்றிய கனஅளவைக் கொண்டே அளக்கப்பட்டன. இத்தகைய முறையில், மிகுதியான மருந்தை இட்டு மிகுதியாக உடைப்பதற்குத் தூண்டுதல் உண்டு; பின்னாலுள்ள பாறையைக் காப்பதற்குத் தூண்டுதல் இல்லை எனக் கருத இடமுண்டு. கரிமருந்தின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. அது மெல்ல எரிந்து பெருமளவு வளிமத்தை வெளியிடுவது. அவ்வளிமம் பசால்ட் பாறையின் செங்குத்துப் பிளவுகளுள் எளிதில் புகுந்து நெடுந்தொலைவு அவற்றைத் தளர்த்தவல்லது.

இவ்வேலையின் மனித விலை பெரிது. உச்சநிலையில் 40,000க்கும் மேற்பட்டோர் இம்மலையில் உழைத்தனர். வாந்திபேதி முகாம்களைச் சூறையாடியது. ஊதிய நிலுவை காரணமாக 1859 சனவரியில் தொழிலாளர் கலகம் மூண்டது. அவ்வாண்டிலேயே ஒப்பந்தக்காரர் வில்லியம் பிரடெரிக் பேவியல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் இந்தியாவில் கால்வைத்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தை ஏற்று, பொறியாளர்களைக் கொண்டு பணியை நடத்தி முடித்தார். இருப்புப்பாதை வேலைகளில் எழுந்த இத்தகைய பூசல்களின் பின்னணியில் 1860இல் முதலாளி–தொழிலாளர் தகராறுச் சட்டம் இயற்றப்பட்டது. 1863 ஏப்ரலில் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் பிரியர் பாதையைத் திறந்துவைத்தார். பெர்க்லி அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். பேவியல் பின்னர் இலங்கையில் கொழும்பு–கண்டி இருப்புப்பாதையைக் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றார். மலையேற்றப் பாதைகளின் கட்டுமானப் பட்டறிவு, அதன் குறைகளோடும், ஒப்பந்தக்காரர் வழியே ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் சென்றதற்கு இது சான்று.

5. துளையிடும் கருவியும் வெடிபொருளும்: 1861–1950

போர்காட்டில் கைத்துளையிடல் நடந்துகொண்டிருந்த 1861ஆம் ஆண்டிலேயே, ஆல்ப்ஸ் மலையின் மான் செனி சுரங்கத்தில் அழுத்தக்காற்றால் இயங்கும் துளைக்கருவிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. ஆல்பிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் வெடிகூழைக் கண்டறிந்தார். இவை கரிமருந்தைவிடப் பன்மடங்கு விரைவாக வெடிப்பவை. கரிமருந்து பாறையைத் தள்ளியது எனில், டைனமைட் பாறையை நொறுக்கியது. வேலை விரைந்தது. ஆனால் அதிர்ச்சி அலையின் கடுமை கூடியதால், எஞ்சிய பாறையில் ஏற்படும் சேதத்தின் இயல்பு மாறியதே தவிர, சேதம் நீங்கவில்லை.

ஆகவே கருவிகளின் முன்னேற்றத்தை அப்படியே பாதுகாப்பின் முன்னேற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. வலிமை பெருகிய அளவுக்குக் கட்டுப்பாடு பெருகுவதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு மூன்று முன்தேவைகள் நிறைவேற வேண்டியிருந்தன. முதலாவது, நேரான, இணையான, ஆழமான துளைகள். இரண்டாம் உலகப்போரையொட்டி ஸ்வீடனில் டங்ஸ்டன் கார்பைடு முனை பொருத்திய இலேசான துளைக்கருவிகள் பரவியதால் இது எளிதாயிற்று. இரண்டாவது, நேர ஒழுங்கு. மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும் தாமத வெடிப்பிகள் 1940களில் புழக்கத்துக்கு வந்தன. மொத்த மருந்து ஒன்றாக வெடிப்பதற்கு மாறாகச் சிறுசிறு பகுதிகளாக வெடிப்பதால், நிலத்தில் பரவும் அதிர்வு குறைந்தது. மூன்றாவது, அளவீடு. நில அதிர்வின் உச்ச வேகத்தை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என அளக்கும் கருவிகள் வந்தபின், ஒரு வெடிப்பு தன் சுற்றத்துக்கு என்ன செய்தது என்பதை எண்ணால் கூற முடிந்தது.

6. முன்பிளவு முறை: எஞ்சும் பாறை மையமாதல்

ஸ்வீடனில் 1950களில் வளர்ந்த மென்முக வெடிவைப்பும், அமெரிக்காவின் நயாகரா நீர்மின் திட்டத்தில் 1950களின் இறுதியில் உருப்பெற்ற முன்பிளவு வெடிவைப்பும் சிந்தனைத் திருப்பத்தைக் குறிக்கின்றன. லாங்கேபோர்ஸ், கில்ஸ்ட்ரம் ஆகிய ஸ்வீடன் அறிஞர்கள் 1963இல் வெளியிட்ட பாறை வெடிவைப்பு நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

முன்பிளவு முறையில், வெட்டுமுகம் இறுதியாக எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அக்கோட்டில் நெருக்கமான இடைவெளியில் துளைகள் இடப்படுகின்றன. துளையின் விட்டத்தைவிடச் சிறிய விட்டமுடைய தோட்டாக்கள் வைக்கப்படுவதால், மருந்துக்கும் துளைச்சுவருக்கும் இடையே காற்றிடைவெளி அமைந்து அதிர்ச்சி தணிகிறது. இத்துளைகள் முதன்மை வெடிப்புக்கு முன்பே ஒன்றாக வெடிக்கப்படுகின்றன. துளைக்குத் துளை ஒரு மெல்லிய பிளவு ஓடி இணைகிறது. பின்னர் முன்பக்கப் பாறை வெடிக்கப்படும்போது, அதன் வளிமங்கள் இப்பிளவில் வெளியேறி, பின்பாறைக்குள் புகாமல் தடுக்கப்படுகின்றன. மென்முக முறையில் வரிசை மாறுகிறது. முதன்மை வெடிப்புக்குப் பின்னரே ஓரத்துளைகள் குறைந்த மருந்தில் வெடிக்கப்பட்டு முகம் சீராக்கப்படுகிறது.

இம்முறைகளின் வெற்றியை மதிப்பிடும் அளவுகோல் வரலாற்றாய்வாளர்க்கு ஆர்வமூட்டுவது. நன்றாக வெடிக்கப்பட்ட முகத்தில் துளையின் பாதி, அரைக்குழாய் வடிவில் பாறையில் அப்படியே எஞ்சி நிற்கும். இட்ட துளைகளின் மொத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு இவ்வாறு எஞ்சியது என்பதே வேலையின் தரம். 1850களில் எடுத்த கனஅளவு அளவுகோலாக இருந்தது; 1950களுக்குப் பின் எஞ்சிய துளைத்தடம் அளவுகோலாயிற்று. ஒரு தொழில் தன் வெற்றியை எதைக்கொண்டு அளக்கிறது என்பது அதன் விழுமியத்தைக் காட்டுமெனின், இது கருவி மாற்றத்தினும் ஆழமான மாற்றம் எனலாம். அத்துடன் வெட்டுமுகமே ஓர் ஆவணமாகிறது. அரைத்துளைத் தடங்கள் சீராக நிற்கும் பாறையும், நொறுங்கிய குழிகளோடு தாறுமாறாக நிற்கும் பாறையும் தத்தம் கட்டுமானக் காலத்தை எழுத்தின்றியே அறிவிக்கின்றன.

7. ஓடும் பாதையில் வெடிவைத்தல்

புதிய பாதை வெட்டுவதற்கும், வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் மேலுள்ள தளர்ந்த பாறையை வெடித்து அகற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பிந்தையதில் தண்டவாளம், மின்கம்பி, சைகைக் கருவிகள், சுரங்கவாய் ஆகியவை வெடிப்பின் அருகிலேயே உள்ளன. வண்டிகளை நிறுத்திவைக்கும் குறுகிய நேரத்துக்குள் துளையை நிரப்பி, வெடித்து, இடிபாட்டை அள்ளி, பாதையை ஆய்ந்து திறக்க வேண்டும்.

இதனால் இங்குப் பெருவெடிப்புக்கு இடமில்லை. தளர்ந்த கட்டியின் பின்பிளவை அறிந்து, சில துளைகளில் சிறிதளவு மருந்து இட்டு, விழும் திசையையும் துண்டின் பருமனையும் முன்கணித்து வெடிக்கின்றனர். கற்கள் பறக்காதிருக்கக் கம்பிவலையும் பாய்களும் போர்த்தப்படுகின்றன. தண்டவாளத்தின்மேல் மணல்மூட்டையும் மரக்கட்டைகளும் அடுக்கப்படுகின்றன. மின்மயமான பாதைகளில் தூண்டல் மின்னோட்டம் மின்வெடிப்பிகளைத் தவறுதலாக இயக்கிவிடக்கூடும் என்பதால், ஸ்வீடனில் உருவாகி 1970களில் பரவிய மின்சாரமற்ற அதிர்ச்சிக்குழாய் முறை இங்குப் பெரும் பயனளித்தது. வெடிப்புக்குப் பின் மேலிருந்து கீழாகக் கடப்பாரையால் தளர்கற்களைத் தட்டி இறக்கி, முகத்தைத் தூய்மைசெய்த பின்னரே பாறை ஆணிகளும் வலைகளும் பொருத்தப்படுகின்றன. அடிப்பகுதியை வெடித்தால் மேற்பகுதி தாங்கலிழக்கும் என்பதால், மேலிருந்தே சுமையைக் குறைத்து வருதல் அடிப்படை விதி. ரவுண்ட் டவுனில் அடியை வெடித்து முகட்டை வீழ்த்திய முறைக்கு இது நேர் எதிரானது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, எந்தப் பாறை தளர்ந்துள்ளது என்பதை ஒருவர் சென்று பார்க்க வேண்டும். போர்காட்டில் மத்திய இருப்புப்பாதையின் மலைக்குழுத் தொழிலாளர் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சரிவுகளில் ஏறி, ஆபத்தான கற்களைக் கண்டறிந்து குறியிட்டு, வண்டிகள் நிறுத்தப்பட்ட நேரத்தில் இறக்குகின்றனர். இவ்வேலைக்கு இன்றும் கயிறே துணை. 1850களில் பாறையைத் தளர்த்தத் தொங்கிய உடலும், இன்று தளர்ந்த பாறையைத் தேடித் தொங்கும் உடலும் ஒரே நீண்ட உழைப்பு வரலாற்றைச் சேர்ந்தவை. வெடிவைப்பு நூல்களில் மருந்தின் அளவுக்கு வாய்பாடு உண்டு. தட்டிய ஒலியைக்கொண்டு பாறையின் உட்பிளவை உணரும் அறிவுக்கு அந்நூல்களில் இடம் குறைவு.

8. கொங்கண், 2003–2004: பழைய வினா, புதிய பாதை

கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பு நன்கு அறியப்பட்டிருந்த காலத்தில் கட்டப்பட்டது கொங்கண் இருப்புப்பாதை. 1990இல் கழகம் நிறுவப்பட்டு, இ. ஸ்ரீதரன் தலைமையில் ரோஹாவிலிருந்து மங்களூர் அருகிலுள்ள தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கி.மீ. பாதை 1998இல் நிறைவுற்றது. 91 சுரங்கங்களும் ஏறத்தாழ 2,000 பாலங்களும் கொண்ட இதன் கட்டுமான வேகம் பரவலாகப் பாராட்டப்பட்டது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2003 சூன் 22 இரவு வைபவ்வாடி அருகே ஒரு வெட்டிலிருந்து சரிந்த பாறையும் மண்ணும் பாதையை மூட, கார்வாரிலிருந்து மும்பை நோக்கிச் சென்ற சிறப்பு வண்டி தடம் புரண்டது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு சூன் 16 அன்று மத்ஸ்யகந்தா விரைவுவண்டி பாதையில் விழுந்த பாறைகளால் தடம் புரண்டு பாலத்திலிருந்து விழுந்தது. மேலும் பலர் மாண்டனர். இரண்டும் பருவமழையின் தொடக்க வாரங்களில் நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விபத்துகளை வெடிவைப்பின் விளைவாகக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கொங்கண் வெட்டுகள் பலவற்றில் செம்பூரான் பாறையும் சிதைந்த மண்ணும் மிகுதி. அங்கு முன்பிளவு முறையே பொருந்தாது. வெட்டுகளின் சாய்வு, நீர்வடிகால், கண்காணிப்பு ஆகியவையே முதன்மை வினாக்கள். அதன்பின் மேற்கொண்ட நடவடிக்கைகளும் இதனையே காட்டுகின்றன. சரிவுகள் மேலும் சாய்வாக்கப்பட்டன, பாறைவலைகளும் பாறை ஆணிகளும் தெளிகாரைப் பூச்சும் இடப்பட்டன, வெட்டிவேர் நடப்பட்டது. கல் விழுந்தால் சைகை தரும் ‘ரக்ஷா தாகா’ என்னும் கம்பியமைப்பு உருவாக்கப்பட்டது. மழைக்காலத்திற்கெனத் தனிக் கால அட்டவணையும் வேகக்கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன.

வெடிவைப்பு இவற்றுள் ஒரு கருவி மட்டுமே. எனினும் வரலாற்றாய்வுக்கு இங்கொரு பாடம் உண்டு. பாதை திறந்தபின் மேற்கொள்ளப்பட்ட இப்பணிகள் யாவும் திறப்பதற்கு முன்பு எஞ்சிய பாறை குறித்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினாக்களுக்கான விடைகளே. கட்டுமான வேகம் போற்றப்படும் இடங்களில் அவ்வினா பின்தள்ளப்படுகிறது. போர்காட்டில் அதன் விலையைத் தொழிலாளர் செலுத்தினர். கொங்கணில் பயணிகள் செலுத்தினர்.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒன்று, இருப்புப்பாதைச் சரிவுகளின் நிலையின்மை, நிலவியல், மழை, கட்டுமான முறை ஆகிய மூன்றின் கூட்டுவிளைவு. முதல் இரண்டையும் இயற்கை எனக் கொண்டாலும், மூன்றாவது வரலாறு ஆகும்.

இரண்டு, கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பு என்பது மருந்தைக் குறைத்துப் பயன்படுத்துவது மட்டுமன்று. அகற்றப்படும் பாறையிலிருந்து எஞ்சும் பாறைக்குக் கவனம் இடம்பெயர்ந்ததே அதன் சாரம். துளைக்கருவி, தாமத வெடிப்பி, அதிர்வு அளவீடு ஆகியவை அம்மாற்றத்தை இயலச் செய்தன.

மூன்று, எல்லாச் சரிவுக்கும் வெடிவைப்பு தீர்வாகாது. போக்ஸ்டன் வாரனின் களிமண்ணும் கொங்கணின் செம்பூரானும் அதன் எல்லைகளை வரையறுக்கின்றன.

நான்கு, சரிவுகளைக் காக்கும் அறிவில் மலைக்குழுத் தொழிலாளரின் பட்டறிவு இன்றியமையாத பங்கு வகிக்கிறது. அவ்வறிவைப் பதிவுசெய்தல் வாய்மொழி வரலாற்றாய்வாளர்க்கு உடனடிக் கடமையாக முன்நிற்கிறது. கருவிகள் கண்காணிப்பை ஏற்றுக்கொள்ளும் காலத்தில், கயிற்றில் இறங்கிய தலைமுறைகள் ஓய்வுபெற்று விலகுகின்றன. பாறைமுகத்தில் துளைத்தடங்களேனும் எஞ்சும். அத்துளைகளை இட்டவர்களின் சொற்களை நாம் எழுதிவைத்தால் மட்டுமே அவை எஞ்சும்.